நான்ஸ்டிக் பேன்: கடையில் பார்க்க வேண்டியவை, அடுப்பில் கவனிக்க வேண்டியவை

வாங்கி ஒன்றரை வருடத்தில் நான்ஸ்டிக் பேன் ஒட்ட ஆரம்பித்தால் வீட்டில் முதலில் பழி விழுவது எவர்சில்வர் கரண்டி மேல். கரண்டிக்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஒரு கீறல்கூட இல்லாத பேனிலும் ஆம்லெட் ஒட்டுகிறதே, அது தீயின் வேலை. பெரிய பர்னரில் முழுத் தீயில் காலியாகக் காய்ந்த நிமிடங்கள் ஒவ்வொன்றும் பூச்சின் ஆயுளிலிருந்து கழிகின்றன. எந்தப் பேன் வாங்குவது, அதில் எதைச் சமைப்பது, எதற்கு இரும்பை எடுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் இதிலிருந்தே பதில் கிடைக்கும்.

எதற்கு வேண்டும்

இரும்பிலும் எவர்சில்வரிலும் படுத்தும் பண்டங்களுக்குத்தான் நான்ஸ்டிக். முட்டை, மசாலா தடவிய மீன், பனீர், கட்லெட், கரைத்துவிடும் கோதுமை தோசை, கேழ்வரகு தோசை, ஓட்ஸ் தோசை, பால் சேர்த்த இனிப்புகள். இவை எல்லாமே மிதமான சூட்டில் வேகக்கூடியவை. புளிக்கவைத்த அரிசி மாவுத் தோசையும் நன்றாக வரும். ஆனால் ஓரம் வரை முறுகலாக, ஓட்டல் தோசை மாதிரி வேண்டுமென்றால் பழகிய இரும்புக் கல்லுக்கு ஈடு கிடையாது.

சப்பாத்தியை நான்ஸ்டிக்கில் போடாதீர்கள். எண்ணெய் இல்லாமல் உலர்ந்த சூட்டில் வேகும் பண்டம் அது. அடுத்ததைத் தேய்க்கும்வரை தவா காலியாகவே எரிந்துகொண்டிருக்கும். ஃபுல்கா செய்பவர்கள் பக்கத்து பர்னரில் சப்பாத்தியை உப்பவைக்கும்போதும் இதே கதை. பூச்சைச் சீக்கிரம் கொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. தனியா, மிளகாய், மிளகு வறுப்பது, கடுகு வெடிக்கவிட்டுத் தாளிப்பது, மட்டனைப் பெருந்தீயில் சுருட்டி எடுப்பது எல்லாமே இரும்பு வாணலியின் வேலை.

அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு ஃப்ரை பேன் போதும். தேவையென்றால் ஒரு தவா. ஆடித் தள்ளுபடியில் தவா, கடாய், பேன், மூடி, கரண்டி என்று சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் செட்டில் பெரும்பாலும் மூன்றுமே மெல்லிய தகடு. அந்தக் காசில் கனமான பேன் ஒன்று வாங்கிவிடலாம்.

பூச்சு என்றால் என்ன

வழக்கமான நான்ஸ்டிக் பூச்சு பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக். 1938ல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ராய் பிளங்கெட் குளிர்சாதன வாயு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. டெஃப்லான் என்பது அதற்கு அந்த நிறுவனம் வைத்த வணிகப் பெயர். பிரான்ஸில் மார்க் கிரெகுவார் அதை அலுமினியத்தில் ஒட்டவைக்கும் வழியைக் கண்டுபிடித்து, 1956ல் டெஃபால் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகுதான் அது சமையலறைக்கு வந்தது.

எதிலும் ஒட்டாத பொருள் அலுமினியத்தில் மட்டும் எப்படி ஒட்டுகிறது? அலுமினியத்தை முதலில் மணல் அடித்தோ அமிலத்தாலோ சொரசொரப்பாக்குகிறார்கள். அதன்மேல் பிசின் கலந்த அடிப்பூச்சு, பிறகு நடுப்பூச்சு, மேல்பூச்சு. எல்லாவற்றையும் 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உலையில் சுடுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் மொத்தக் கனம் பொதுவாக 25 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. மலிவான பேன்களில் கோளாறு வருவது அடிப்பூச்சில். எங்காவது ஒரு கீறல் விழுந்து அதன் வழியே உப்புத் தண்ணீர் இறங்கினால், அடியில் அலுமினியம் அரித்துப் பூச்சு கொப்புளமாக எழும்பும். அங்கிருந்து செதில் செதிலாக உரியத் தொடங்கும்.

இரண்டாவது வகை செராமிக் பூச்சு. பெயரைக் கேட்டு மண்பாண்டம் என்று நினைக்க வேண்டாம். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட கரைசலைத் தெளித்துச் சுட்ட, கண்ணாடி போன்ற மெல்லிய படலம் அது. பிடிஎஃப்இ கிடையாது, அதிகச் சூட்டில் பிடிஎஃப்இ விடும் நச்சுப் புகையும் வராது. புதிதில் வழுக்குவதில் பிடிஎஃப்இக்குக் குறைந்ததே இல்லை. ஆனால் அதன் நுண்ணிய துளைகளில் எண்ணெய் கருகிப் படியப் படிய வழுக்கல் போய்விடும். தினமும் புழங்கினால் ஒரு வருடம், கவனமாக இருந்தால் இரண்டு. அதே புழக்கத்தில் நல்ல பிடிஎஃப்இ பேன் மூன்று வருடம் தாராளமாக வரும். வீட்டில் லவ் பேர்ட்ஸோ கிளியோ வளர்த்தால் செராமிக் வாங்குங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

பெட்டியில் 'கிரானைட்', 'மார்பிள்', 'ஸ்டோன்' என்று எழுதியிருந்தால் கல்லால் செய்தது என்று பொருள் இல்லை. பெரும்பாலும் அது பிடிஎஃப்இதான், மேலே புள்ளி புள்ளியாக நிறம். 'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்றால் பிடிஎஃப்இயும் இல்லை என்று ஆகாது, இரண்டும் வேறு; பிஎஃப்ஓஏ என்பது பிடிஎஃப்இ தயாரிப்பில் பயன்பட்ட துணைப்பொருள். பிடிஎஃப்இயே வேண்டாம் என்பவர்கள் 'பிடிஎஃப்இ இல்லாதது' அல்லது 'பிஎஃப்ஏஎஸ் இல்லாதது' (இவை இரண்டும் அடங்கிய வேதிப்பொருள் குடும்பத்தின் பெயர் அது) என்ற வார்த்தையைத் தேட வேண்டும்.

இன்னொரு குழப்பம் 'ஹார்ட் அனோடைஸ்டு'. அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கடினமான ஆக்சைடாக மாற்றினால் கிடைப்பது அந்தக் கருஞ்சாம்பல் நிறம். உலோகக் கரண்டியைத் தாங்கும், புளியும் தக்காளியும் அரிக்காது, ஆனால் ஒட்டும். வெளிப்பக்கம் ஹார்ட் அனோடைஸ்டாகவும் உள்பக்கம் நான்ஸ்டிக்காகவும் வரும் பேன்கள் உண்டு. நிறத்தை நம்பாமல் பெட்டியைப் படித்து வாங்குங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் தகட்டின் கனம். ஃப்ரை பேனுக்கு 3 மி.மீ., தோசைத் தவாவுக்கு 4 மி.மீ. இதற்குக் கீழே போனால் பர்னரின் நெருப்பு வளையம் படும் இடம் மட்டும் கொதித்து, நடுவும் ஓரமும் பின்தங்கும். தோசையில் வளையமாகக் கருப்பு விழுவது இதனால்தான்; பூச்சு முதலில் சாவதும் அதே வளையத்தில்தான். சில பெட்டிகளில் 'அடிக் கனம்' என்று போட்டு இண்டக்‌ஷன் தகட்டையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவார்கள். சந்தேகமாக இருந்தால் எடையைப் பாருங்கள். 24 செ.மீ. பேன், மூடி இல்லாமல், 3 மி.மீ. தகடு என்றால் கைப்பிடியோடு 700 கிராமை ஒட்டி வரும். கையில் எடுத்ததும் காகிதம் மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. பெட்டியில் போட்டிருப்பது மேல்விளிம்பின் குறுக்களவு. 24 செ.மீ. பேனின் தட்டையான அடி 17, 18 செ.மீ.தான் இருக்கும். ஒரு முட்டை ஆம்லெட்டுக்கு 18 முதல் 20, மூன்று நான்கு பேர் உள்ள வீட்டில் மீன் வறுக்க 24 முதல் 26, தோசைத் தவா 26 முதல் 28. இரண்டு பர்னர் அடுப்பில் 30 செ.மீ. தவா வைத்தால் பக்கத்துப் பாத்திரத்தை இடிக்கும், ஓரமும் வேகாது.

பூச்சு தெளித்ததா, உருளையால் தடவியதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மலிவான பேன்களில் தட்டையான தகட்டின் மேல் உருளையால் பூச்சைத் தடவிச் சுட்டு, பிறகு அச்சில் அழுத்திப் பேனாக வளைப்பார்கள். வளையும் இடத்தில் பூச்சு இழுபட்டு பலவீனமாகிவிடும். நல்லவற்றில் பேனின் உருவம் வந்த பிறகு தெளிப்பார்கள். விளிம்பைப் பாருங்கள்: வெட்டிய ஓரத்தில் வெற்று அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தால் அது உருளைப் பூச்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பூச்சு விளிம்பைச் சுற்றி வெளியே வரை இறங்கி, சாய்த்துப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் போல மிக மெல்லிய மேடுபள்ளம் தெரிந்தால் தெளித்தது. '3 அடுக்கு', '5 அடுக்கு' என்ற எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம். மெல்லிய ஐந்தைவிடக் கனமான மூன்று மேல்.

கடையிலேயே பேனைத் தட்டையான கண்ணாடி மேசையில் வைத்து விரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். கேஸ் அடுப்பில் அந்த ஆட்டம் தெரியாமல் போகலாம், இண்டக்‌ஷனில் தெரியும். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் அடியில் நடுவிலும் ஓரத்திலும் ஒட்டிப் பாருங்கள். நடுவில் ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் பிடித்தால் சூடு அங்கேயே குவியும். அடி முழுவதும் பிடிக்க வேண்டும்.

கைப்பிடி பேக்லைட் என்றால் ஆணி அடித்ததா, ஸ்க்ரூ போட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூ தளரும், ஆனால் ஸ்க்ரூ டிரைவரால் அரை நிமிடத்தில் முறுக்கிவிடலாம். உடைந்தால் கைப்பிடியை மட்டும் மாற்றலாம். ஆணி தளராது. ஆனால் அதன் தலை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் முட்டை அங்கேதான் ஒட்டும். உள்ளே ஆணியே தெரியாமல், கைப்பிடித் தாங்கியை வெளிப்பக்கம் பற்றவைத்தது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

ஒட்டுத்தாளைப் பிய்த்தபின் மிச்சம் நிற்கும் பசையைச் சுரண்டாதீர்கள். நாலு சொட்டு எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் துணியால் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற பஞ்சு கொண்டு கழுவித் துடையுங்கள். அரைத் தேக்கரண்டி எண்ணெயை உள்பக்கம் முழுவதும் தேய்த்து, சிம்மில் அரை நிமிடம் வைத்து, ஆறியதும் துணியால் ஒற்றி எடுங்கள். இரும்புக் கல்லைப் பழக்குவதோடு இதைச் சேர்க்க வேண்டாம். இங்கே புகையும் வரக் கூடாது, படலமும் உண்டாகக் கூடாது. பூச்சின் நுண்துளைகளில் கொஞ்சம் எண்ணெய் தங்கினால் போதும். மாதம் ஒரு முறை செய்யலாம்.

சூடு: எவ்வளவு, எப்படித் தெரியும்

பிடிஎஃப்இ பேனுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் மேல்வரம்பு 260 டிகிரி. முட்டைக்கு 130 முதல் 150, மீனுக்கும் தோசைக்கும் 170 முதல் 200 போதும். ஆக, சமையலுக்கு வேண்டிய சூட்டில் பூச்சுக்கு ஆபத்தில்லை. ஆபத்து, பெரிய பர்னரில் காலிப் பேனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போவதில்தான். மெல்லிய பேன் மூன்று நான்கு நிமிடத்திலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடும். இண்டக்‌ஷனில் 2000 வாட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

எப்போதும் சின்ன பர்னர், மிதமான தீ. நெருப்பு நாக்கு பேனின் அடியைத் தாண்டி பக்கவாட்டில் ஏறக் கூடாது. ஏறினால் பூச்சு ஓரத்தில் பழுப்பாகும், பேக்லைட் கைப்பிடியும் கருகி நாறும். இண்டக்‌ஷனில் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுங்கள். பல அடுப்புகள் குறைந்த அளவிலும் முழு சக்தியை விட்டு விட்டுத்தான் செலுத்தும். கனமான அடி அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும், மெல்லியது சமாளிக்காது.

சூடு பார்க்க மூன்று வழிகள். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அடுப்பை மூட்டுங்கள். தண்ணீர் முழுவதும் வற்றிய பிறகு அரை நிமிடம் விட்டால் முட்டைக்குச் சரியான பதம். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதுதான் பத்திரமான வழி, பேன் காலியாகக் காயும் நேரமே மிகக் குறைவு.

இரண்டாவது, எண்ணெயையே வெப்பமானியாக்குவது. செக்கு நல்லெண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரியில் புகைய ஆரம்பிக்கும், ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் 225ஐத் தாண்டித்தான் புகையும். நல்லெண்ணெய் ஊற்றிய பேனில் லேசாகப் புகை எழுந்தால் தீயைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. சூரியகாந்தி எண்ணெயில் புகை எழுந்தால் உடனே அணையுங்கள். நெய் இந்த வேலைக்கு உதவாது. அது புகைவதே 250ஐ ஒட்டித்தான்.

மூன்றாவது, தண்ணீர்த் துளி. இரும்புக் கல்லில் துளி முத்தாக உருண்டு ஓடினால் நல்ல சூடு என்று பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். நான்ஸ்டிக்கில் குளிர்ந்த பேனிலும் துளி உருளும், பூச்சின் குணம் அது. காதால் கேளுங்கள்: 'சுர்'ரென்று சத்தம் போட்டு இரண்டு நொடியில் மறைந்தால் சரி. சத்தமே இல்லாமல் உருண்டு ஓடினால் ஒன்று, பேன் காயவில்லை. அல்லது அளவு மீறிக் காய்ந்துவிட்டது. அப்போது எண்ணெய்ப் பரீட்சைக்குப் போங்கள்.

கருவி பிடிக்குமென்றால் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கலாம். எவர்சில்வரில் தப்புத் தப்பாகக் காட்டும் அந்தக் கருவி, கறுத்த நான்ஸ்டிக் பரப்பில் ஓரளவு சரியாகவே காட்டும்.

தோசை வார்ப்பது

நான்ஸ்டிக் தவாவில் வரும் பெரிய புகார், மாவு கரண்டியோடே சுருண்டு வருவது. இரும்புக் கல்லில் மாவின் அடி கல்லைப் பிடித்துக்கொள்ளும், மேல்மாவு மட்டும் கரண்டியோடு நகரும். இங்கே பிடிமானமே கிடையாது. தவா அதிகம் காய்ந்திருந்தால் மாவின் அடி அந்த நொடியே வெந்து, முழுதாகக் கரண்டியோடு கிளம்பிவிடும். முன்கூட்டியே எண்ணெய் ஊற்றியிருந்தால் இன்னும் மோசம்.

வார்க்கும் முறை:

1. தவாவை மிதமான தீயில் ஒன்றரை, இரண்டு நிமிடம் வையுங்கள். கால் தேக்கரண்டி எண்ணெயைத் துணியாலோ பாதி வெங்காயத்தாலோ தடவி, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். வெங்காயத்தைக் கையால் பிடியுங்கள், முள்கரண்டியில் குத்தினால் அதன் முனை பூச்சில் கோடு போடும்.

2. தீயை சிம்முக்குக் கொண்டுவந்து, ஒரு தேக்கரண்டி தண்ணீரைத் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். இந்த அளவு தண்ணீர் தவாவைக் கெடுக்காது. டம்ளர் கணக்கில் ஊற்றுவதுதான் கெடுக்கும்.

3. மாவு இரும்புக் கல்லுக்கு வைத்திருப்பதைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும். 26 செ.மீ. தவாவுக்கு 60 முதல் 70 மி.லி. மாவை நடுவில் ஊற்றி, ஒரு நொடி விட்டு, உள்ளிருந்து வெளியே வட்டமாக இழுங்கள். கரண்டி மாவின் மேல்தான் போக வேண்டும், தவாவைத் தொடக் கூடாது. அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள் சிரட்டை அகப்பையோ மரக்கரண்டியோ வைத்துக்கொள்வது நல்லது.

4. பரப்பி முடித்ததும் தீயை மிதத்துக்கு ஏற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஓரத்திலும் மேலேயும் விடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் ஓரம் தானே எழும்பும். அதற்கு முன்னால் குத்திக் கிளப்ப வேண்டாம்.

5. எடுத்ததும் திரும்ப சிம், திரும்ப ஈரத்துணி. அடுத்தது.

முதல் தோசை வெளிறிப் போவது சகஜம். மூன்றாவதும் வெளிறினால் மாவில் வெந்தயமோ கடலைப்பருப்போ குறைவாக இருக்கலாம், அல்லது மாவு போதுமான அளவு புளிக்கவில்லை. தீயை ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கோதுமை, ரவை, கேழ்வரகுத் தோசைகளைப் பரப்ப வேண்டிய தேவையே இல்லை, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கரைத்து ஊற்றினால் போதும். நான்ஸ்டிக் தன் விலையைத் திருப்பித் தருவது இவற்றில்தான்.

மீனும் முட்டையும்

மீன் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். கழுவிய துண்டுகளைத் துணியால் ஒற்றிவிட்டு மசாலா தடவுங்கள். மசாலாவைத் தண்ணீராக இல்லாமல் எலுமிச்சைச்சாறு விட்டுக் கெட்டியாகக் குழைத்து, அரைக் கிலோ மீனுக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்த்தால் மேல் படலம் உதிராது. அரைமணி நேரம் ஊறட்டும். 24 செ.மீ. பேனில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். அது நெளிந்து மின்னும்போது துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். நாலு துண்டுக்கு மேல் நெருக்கினால் சூடு இறங்கி நீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். ஒன்றரை செ.மீ. கனமுள்ள வஞ்சிரத் துண்டுக்கு ஒரு பக்கம் நாலு நிமிடம். அதுவரை தொடாதீர்கள். முதல் ஈடு முடிந்ததும், உதிர்ந்த மசாலாத் தூளைப் பஞ்சுத் துணியை இடுக்கியில் பிடித்துத் துடைத்தெடுங்கள். அது இரண்டாம் ஈட்டில் கருகிக் கசப்பதோடு பூச்சிலும் கறையாகப் படியும்.

ஆம்லெட்டுக்கு இரண்டு முட்டை, 20 செ.மீ. பேன், ஒரு தேக்கரண்டி எண்ணெய், மிதத்துக்கும் சிம்முக்கும் நடுவில் தீ. எண்ணெய் இல்லாமலே ஒட்டாது என்று விளம்பரம் சொல்லும், ஒட்டாதது உண்மைதான். ஆனால் எண்ணெய் இல்லையென்றால் சூடு சமமாகப் பரவாமல் திட்டுத் திட்டாகத்தான் வேகும். கல் உப்பைப் பேனில் நேராகத் தூவாமல் முட்டையிலேயே கரைத்துவிடுங்கள்.

திருப்பிக்கு மரம் அல்லது சிலிக்கான். நைலான் மலிவு, ஆனால் சூடான பேனின் விளிம்பில் சாய்த்துவைத்தால் முனை உருகி மடங்கும். எவர்சில்வர் தோசைத்திருப்பி ஒரே நாளில் பேனைக் கொன்றுவிடாது. ஓரம் கூராக இருந்து, அதைக் கொண்டு சுரண்டினால்தான் கொல்லும். கேக் துண்டு போடுவது போல ஆம்லெட்டைப் பேனிலேயே கத்தியால் வெட்டுவது கரண்டியைவிடப் பெரிய எதிரி.

புகையும் உடல்நலமும்

பிஎஃப்ஓஏ என்பது பிடிஎஃப்இ தயாரிப்பில் துணைப்பொருளாகப் பயன்பட்ட வேதிப்பொருள். உடலிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்குவதால் கவலை எழுந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006ல் எட்டு நிறுவனங்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி 2015க்குள் அங்கே அதைக் கைவிட்டார்கள். 2023ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று பெட்டியில் 'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், பெயரே இல்லாத சாலையோரப் பேனைத் தவிருங்கள்.

பிடிஎஃப்இ பூச்சின் துகள் வயிற்றுக்குள் போனால்? அது செரிக்காது, உடலோடு வினைபுரியாமல் அப்படியே வெளியேறிவிடும். புகைதான் கவனிக்க வேண்டியது. 260ஐத் தாண்டும்போது பூச்சு சிதையத் தொடங்கும், 350ஐத் தாண்டினால் வேகமாகச் சிதையும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து ஃப்ளூ காய்ச்சல் போலக் குளிரும் இருமலும் வந்து, ஓரிரு நாளில் தணியும். பறவைகளின் நுரையீரல் அதைத் தாங்காது. அடுத்த அறையில் இருக்கும் கூண்டுப் பறவைகூட நிமிடங்களில் இறந்துவிடலாம். மேலே செராமிக் வாங்கச் சொன்னது இதனால்தான். மறந்து அடுப்பில் விட்ட பேனிலிருந்து புகை வந்தால் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். அந்தப் பேனைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி 170 டிகிரிக்கு மேல் போவதையே எச்சரிக்கிறது. பூச்சு தேய்ந்தால் பேனைத் தூக்கிப் போடவும் சொல்கிறது. தயாரிப்பாளர்கள் சொல்லும் 260க்கும் இதற்கும் இடைவெளி பெரிது. 170ஐக் கறாராகப் பிடித்தால் தோசை சிவக்காது. ஆனால் காலியாகக் காயவிடாதே என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு, வீட்டில் நடக்கும் தவறும் அதுதான்.

கழுவுவது, அடுக்குவது

சூடான பேனைக் குழாயடியில் பிடித்தால் 'சுர்'ரென்று எழும் அந்தச் சத்தத்தோடு அடி வளையத் தொடங்கும். நடு உப்பிக்கொண்டு எண்ணெயெல்லாம் ஓரத்துக்கு ஓடும் பேன்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பத்து, பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள்.

கழுவத் திரவ சோப்பும் பஞ்சின் மெத்தென்ற பக்கமும் போதும். பச்சை நிறத் தேய்ப்பானில் உரசும் துகள் இருக்கிறது. சபீனா போன்ற தூளும், கட்டி சோப்பும், சாம்பலும், தேங்காய் நாரும், கம்பிப் பஞ்சும் வேண்டாம். பாத்திரம் தேய்க்க வருபவரிடம் ஒரு தடவை சொல்வதைவிட, சமைத்தவரே இதை மட்டும் கழுவி வைத்துவிடுவது சுலபம்; அரை நிமிட வேலை. டிஷ்வாஷரின் காரமான சோப்பு அலுமினிய அடியை வெளுக்கவைக்கும், பெட்டியில் அனுமதி இருந்தாலும் கையால் கழுவுவதே நல்லது.

மீதிக் குழம்பைப் பேனிலேயே ராத்திரி முழுவதும் வைக்காதீர்கள். உப்பும் புளியும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே இறங்கும். அடுக்கும்போது இரண்டு பாத்திரங்களுக்கு நடுவில் பழைய பருத்தித் துணி ஒன்று போட்டுவையுங்கள்.

ஒட்ட ஆரம்பித்தால்

உடனே தூக்கிப் போட வேண்டாம். பாதிப் பேன்களில் பூச்சு நன்றாகத்தான் இருக்கும். அதன்மேல் கருகிய எண்ணெய் பிசினாகப் படிந்திருக்கும். விரலால் தடவினால் பிசுபிசுப்பு, சாய்த்துப் பார்த்தால் பழுப்பு. ஸ்ப்ரே எண்ணெய் புழங்கும் வீடுகளில் இது சீக்கிரம் வரும், அதில் கலந்த லெசித்தின் கருகி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து பேனில் ஊற்றி, சிம்மில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் பஞ்சால் தேய்த்தால் பிசின் வழன்று வரும். போகவில்லை என்றால் இன்னொரு தடவை. பிறகு முதல் நாள் செய்தது போல எண்ணெய் தடவிச் சூடுகாட்டி, வெறும் முட்டை ஒன்றை ஊற்றிப் பாருங்கள். வழுக்கி வந்தால் இன்னும் பல மாதம் ஓடும்.

பூச்சில் வெள்ளியாக உலோகம் தெரிவது, கொப்புளம், செதில் உரிவது, சோடாவுக்குப் பிறகும் முட்டை ஒட்டுவது, இவற்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மறுபூச்சு போட்டுத் தருகிறோம் என்பவர்கள் உண்டு. பழையதை முழுவதும் உரித்து, அடிப்பூச்சிலிருந்து தொடங்கி, 400 டிகிரி உலையில் சுட வசதி இல்லாத இடத்தில் கொடுத்தால் காசு வீண். நடுத்தர விலைப் பேனுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

பழைய பேனை எடைக்குப் போட்டால் அலுமினியத்துக்கு உள்ள விலை கிடைக்கும். கைப்பிடியை நீங்களே கழற்றிவிட்டால் பேரம் சுலபம். கண்ணாடி மூடியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த பேன் வாங்கப் போகும்போது அதைக் கையில் எடுத்துப் போய் கடையிலேயே பொருத்திப் பாருங்கள்; பெட்டியில் அதே 24 என்று இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியிலும் ஓரிரு மி.மீ. முன்பின் இருக்கும்.